கடைசி அறைக்கும் சிக்னல்

பெரிய வீட்டில் வைஃபை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் வயர் இழுக்கத்தான் வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்துக் களைத்துப்போன வீடுகளிலிருந்துதான் எனக்கு அழைப்பு வருகிறது. "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பின்னறைக்கு மட்டும் நெட் வருதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று அம்மாவின் சிநேகிதிகள் கேட்பார்கள். போய்ப் பார்த்தால் முன் ஹோலில் ஆறு அன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்று நிற்கும், நடு அறையின் பிளக்கில் ரிப்பீட்டர் ஒன்று குத்தியிருக்கும், பின்னறையில் அந்த வீட்டு அம்மம்மாவின் போனில் கனடாவிலிருந்து கதைக்கிற பேரப்பிள்ளையின் முகம் அசையாமல் நிற்கும்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கீழே அம்மம்மா, அம்மா, அப்பா. நடு மாடியில் பெரியம்மா குடும்பம். மேல் மாடியில் நாங்கள். பின் வளவில் ஒரு அனெக்ஸ். கொழும்பில் நம்மவர்களின் பெரிய வீடுகள் பலவும் இப்படித்தான், கைக்குக் காசு வர வரக் கட்டியவை. முன்பகுதி பழசு, கபுக் என்ற செம்பூரான் கல்லில் எழுப்பிய தடித்த சுவர். அதற்குப் பின்னால் பிற்காலத்தில் சேர்த்த அறைகள் சீமெந்துக் கல். மேலே கொங்கிரீட் சிலாப், அதற்குள் நெருக்கமாகக் கம்பி வலை. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்பு கிறில், அறைக்கு அறை இரும்பு அலுமாரி. வைஃபை அலைக்கு இதை விடக் கடினமான வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு ரவுட்டர் இருக்கிற இடம். ஃபைபர் லைன் பூட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய தொலைபேசி வயர் வீட்டுக்குள் நுழைந்த அதே ஓட்டை வழியாகத்தான் கொண்டுவருவார்கள். அந்த ஓட்டை முன்சுவரில், கேற்றுப் பக்கமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் தொலைபேசி முன் ஹோலில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஆக வீட்டுக்கே இணையம் கொடுக்கிற பெட்டி, பகலில் யாருமே இருக்காத ஹோலின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதன் அலையில் பாதி ஒழுங்கைக்குப் போகிறது. வீட்டில் அதிக நேரம் இருக்கிறவர்களோ பின்னால், குசினிக்குப் பக்கத்து அறையில்.

சுவர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 ஜிகாஹேர்ட்ஸ், 5 ஜிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. புதிய வைஃபை 6ஈ பெட்டிகளிலும் பல வைஃபை 7 பெட்டிகளிலும் 6 ஜிகாஹேர்ட்ஸும் உண்டு. எண் ஏற ஏற வேகம் கூடும், சுவரைத் தாண்டுகிற பலம் குறையும். 5 ஜிகாஹேர்ட்ஸ் ஒரு கபுக் சுவரைத் தாண்டும்போதே தளர்ந்துவிடும், சிலாப்பைத் தாண்டினால் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாது. 2.4 இன்னும் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் வெள்ளவத்தை போன்ற நெருக்கமான இடத்தில் அக்கம்பக்கத்துத் தொடர்மாடிகளின் வைஃபை எல்லாம் அதே வரிசையில்தான் முட்டி மோதுகிறது. அதில் ஒன்றையொன்று தொடாமல் ஓடக்கூடிய சனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 ஜிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, அதனால் அடுப்பு ஓடுகிற நேரம் குசினிப் பக்கத்தில் கோல் இழுபட்டால் அது கற்பனை இல்லை.

இதெல்லாம் தெரிந்தாலும் பெரிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மவர்களை விடுவதில்லை. அன்டெனா கூடக் கூட விலையும் கூடுகிறது, கடைக்காரரும் மனமாரத்தான் விற்கிறார். ஆனால் வைஃபை இருவழிப் பேச்சு. கோயில் திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கி எங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும், அதற்காக நாங்கள் விறாந்தையில் நின்று சொல்கிற பதில் ஐயருக்குக் கேட்டுவிடாது. ரவுட்டர் எவ்வளவு உரத்துச் சொன்னாலும், சின்ன பற்றரியில் ஓடுகிற போன் திரும்பிச் சொல்கிற பலம் அதே பலம்தான். போனில் கோடு நிறையத் தெரிந்தும் வாட்ஸ்அப் கோல் "மீண்டும் இணைக்கிறது" என்று சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும். அன்ட்ராய்ட் போனுக்கு வைஃபை அனலைசர் வகை அப் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கோடுகளைப் பார்க்காதீர்கள், சிக்னலின் பலத்தைச் சொல்கிற டிபிஎம் (dBm) என்ற எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. ரவுட்டருக்குப் பக்கத்தில் மைனஸ் 40, 50 காட்டும். வீடியோ கோல் தடங்கலில்லாமல் போக மைனஸ் 67 அளவாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வைத்திருக்கிற கணக்கு. மைனஸ் 80 என்றால் இணைப்பு இருக்கும், பிரயோசனம் இருக்காது. ஒவ்வொரு 10 குறைவுக்கும் வந்து சேர்கிற வலு பத்தில் ஒன்றாகிறது, ஆகவே 50க்கும் 80க்கும் இடையில் இருப்பது ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

அளக்கும்போது அறைகளை அளப்பதை விட ஆட்கள் இருக்கிற இடங்களை அளப்பது நல்லது. அம்மம்மா எந்தக் கதிரையில் இருந்து கோல் எடுக்கிறா, தங்கச்சியின் மகன் எந்த மேசையில் ஸூம் வகுப்புக்கு இருக்கிறான், லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிற அக்கா லப்டொப்பை எங்கே வைக்கிறா. போனை அந்த இடத்தில், அவர்கள் பிடிக்கிற உயரத்தில் பிடித்து, கதவை அவர்கள் மூடுவது போல மூடிவிட்டு அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன் ஹோலில் மைனஸ் 45. அம்மம்மாவின் கட்டிலடியில், கதவு மூடினால், மைனஸ் 84. இணையம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் ஆகக் குறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ரொறொன்ரோவுக்கும் நமக்கும் ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம், அங்கே பிள்ளைகள் காலையில் வெளிக்கிட முன் எடுக்கிற கோல் இங்கே மாலை ஆறு ஆறரைக்கு வரும். அந்த நேரத்துக்கு அம்மம்மா முழங்கால் நோவோடு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து முன் ஹோலுக்கு நடந்து வருவா. "பரவாயில்லை ராசா, நான் முன்னுக்குப் போய்க் கதைக்கிறன்" என்பா. எழுபதுகளில் தன் கையால் சிக்கனம் பிடித்துக் கட்டிய வீட்டில் ஒரு மனுஷி சிக்னலுக்காக அறை மாற வேண்டியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலை முழுக்க அந்தக் கட்டிலடியிலிருந்துதான் திட்டமிடப்பட்டது.

இன்னொன்றையும் அளப்பதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும்: கோளாறு வீட்டுக்குள்ளா, வெளி லைனிலா? வழி சுலபம். ரவுட்டருக்கு வயரால் பொருத்திய ஒரு கொம்பியூட்டரில் ரவுட்டரின் முகவரிக்கு, அநேகமாக 192.168.1.1, ஒரு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கிற சோதனை, ஓடவிடுங்கள். பக்கத்திலேயே வெளியே உள்ள 8.8.8.8க்கு இன்னொன்று. இரண்டும் சீராக ஓடுகிறபோது அறையில் வைஃபை தடுமாறினால் கோளாறு நம் சுவர்களுக்குள். ரவுட்டர் சீராகப் பதில் சொல்லி வெளிப்பக்கம் மட்டும் விழுந்தால் லைன் கொடுத்தவர்களைக் கூப்பிடலாம். ஃபைபர் பெட்டியில் லொஸ் (LOS) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் யோசிக்கவே தேவையில்லை, ஒளி வந்து சேரவில்லை. ஃபைபர் வயரை அலுமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடித்து நெரித்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள், மடிப்பில் ஒளி கசிந்துவிடும்.

ரிப்பீட்டரைப் பற்றி நேரடியாகச் சொன்னால், வாடகை அறையில் ஒரு ஆளுக்கு அது போதும், கூட்டுக் குடும்பத்துக்குப் போதாது. மலிவு ரிப்பீட்டர் ஒரே சனலில் கேட்டு அதே சனலில் திருப்பிச் சொல்கிறது, அதனால் வேகம் பாதியாகிறது. அதோடு அதைப் பெரும்பாலும் சிக்னல் இல்லாத அறையிலேயே பூட்டுகிறார்கள், அங்கே அதற்கே கேட்காததை அது என்னவென்று திருப்பிச் சொல்லும்? பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுகிற மெஷ் பெட்டிகள் இதை விட எவ்வளவோ மேல், அதுவும் தங்களுக்குள் பேசத் தனி அலை வைத்திருக்கிற மூன்று பாண்ட் மெஷ். ஆனால் அவையும் அந்தப் பேச்சைக் காற்றில்தான் பேச வேண்டும், நடுவில் அதே சிலாப். மின்சார வயர் வழியாக இணையம் அனுப்புகிற பவர்லைன் பெட்டிகளும் இருக்கின்றன. மூன்று பேஸ் மின்சாரம் வாங்கிய வீட்டில், பழைய வயரிங்கில், ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு அவை நம்பத்தக்கதாக ஓடும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, வயர்.

எங்களுக்கு அமைந்த நல்ல விஷயம், பழைய தொலைபேசி வயருக்காகச் சுவருக்குள் பதித்த குழாய் ஒன்று கீழிருந்து நடு மாடி வரை போனது. வயரிங் வேலை செய்கிற பாஸ் அந்தப் பழைய வயரையே பிடித்து, அதன் வாலில் புது கேபிளைக் கட்டி, மேலிருந்து ஒருவர் இழுக்கக் கீழிருந்து ஒருவர் தள்ளக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குழாய் இல்லாத இடங்களில் சுவர் மூலையோடு வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் அடித்தோம். பெரியம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, பெயின்ற் அடித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மின்சார வயர் போகிற குழாய்க்குள் மட்டும் இதை விட வேண்டாம். 230 வோல்ற் வயரோடு டேட்டா கேபிளை ஒன்றாகத் திணிப்பது ஆபத்து, எவ்வளவு அவசரம் என்றாலும் பாஸை அப்படிச் செய்ய விடாதீர்கள்.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ கேட்டால் கேட் 6 (Cat 6) கேபிள் என்று பல விலையில் காட்டுவார்கள். மலிவில் வருவது பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையின் நுனியை பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாக மினுங்கினால் அலுமினியம். அலுமினிய இழை மடித்தால் முறியும், தடையும் கூட, அதன் வழியே மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். முழுச் செம்பு கேட் 5ஈ போதும், அதுவே செக்கனுக்கு ஒரு கிகாபிட்டை 100 மீற்றர் வரை கொண்டுபோகும், எந்த வீட்டுக்கும் அதற்கு மேல் தூரம் இல்லை.

நுனியில் பிளக் அடிப்பதை நான் விரும்பிச் செய்கிறேன், இதை வீட்டில் யாரும் பழகலாம். வெளித் தோலை விரலளவு உரித்தால் முறுக்கிய நான்கு சோடிகள் வரும். முறுக்கைப் பிரித்து நிமிர்த்தி, இடமிருந்து வலமாக வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம் என்று அடுக்கி, பெருவிரலால் தட்டையாக அழுத்திப் பிடித்து, ஒரே நேராக நறுக்கி, பிளக்குக்குள் தள்ள வேண்டும். எட்டு நுனியும் முன்சுவரில் முட்டுவது கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக்கினூடே தெரியும். முட்டிய பிறகுதான் கிறிம்பர் குறடால் நெரிக்க வேண்டும். எங்கள் நடு மாடி வயர் முதல் நாள் வேகம் 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100 என்று காட்டியது. அந்த எண்ணே எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்: 100க்கு இரண்டு சோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும், ஆகவே நீலத்திலோ மண்ணிறத்திலோ ஒன்று தொடவில்லை. வெட்டித் திரும்ப அடித்ததும் 1000 வந்தது. கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள், உப்புக் காற்றில் பிளக்கின் தொடுமுனைகள் கறுத்துப்போகும், தங்கப் பூச்சுள்ள நல்ல பிளக் வாங்குவது காசு வீணில்லை.

வயர் போய்ச் சேர்ந்த இடங்களில் மாடிக்கு ஒன்றாக, வயரில் வருகிற இணையத்தை அங்கேயே வைஃபையாகக் கொடுக்கிற அக்ஸஸ் பொயின்ற் பூட்டினோம், கீழ் மாடியில் அம்மம்மாவின் அறை வாசலுக்கு வெளியே நடைபாதைக் கூரையில். அந்த ஒன்று அவவின் அறை, குசினி, சாப்பாட்டு அறை மூன்றையும் பிடிக்கிறது. வீட்டில் பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையும் பாவிக்கலாம், ஆனால் அதை அக்ஸஸ் பொயின்ற் மோடுக்கு மாற்ற வேண்டும், முகவரி கொடுக்கிற வேலையை ஒரே ஒரு பெட்டி மட்டும்தான் செய்ய வேண்டும். இரண்டு பெட்டிகள் தனித்தனியாக முகவரி கொடுத்தால் பிரின்ரர் ஒருவருக்குத் தெரியும் மற்றவருக்குத் தெரியாது, அந்தச் சண்டை முடியவே முடியாது.

பூட்டியதோடு வேலை முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஆனால் வேறு வேறு சனல். அப்புறம் ஒலிபரப்பு வலுவைக் குறைக்க வேண்டும், ஆம், குறைக்க. எல்லாம் முழு வலுவில் கத்தினால் போன் மேல் மாடியில் பிடித்த சிக்னலைக் கீழே இறங்கிய பிறகும் விடாது, பக்கத்தில் நல்ல பெட்டி இருந்தும் பழசையே பிடித்துக்கொண்டு தடுமாறும். எந்தப் பெட்டிக்கு எப்போது மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், நாம் செய்யக்கூடியது அந்த முடிவைச் சுலபமாக்குவது. 2.4இல் வலுவை நன்றாகக் குறைத்து 5இல் நடுத்தரமாக வைத்த பிறகு அக்கா கோலில் கதைத்துக்கொண்டே மாடிப்படி இறங்குகிறா, துண்டிக்கவில்லை. 2.4இன் சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸிலேயே விடுங்கள், 40 ஆக்கினால் அக்கம்பக்கத்தோடு இன்னும் முட்டும்.

அனெக்ஸுக்கு வேறு யோசனை தேவைப்பட்டது. வெளியே வளவைக் கடந்து செம்புக் கேபிள் போட எனக்குத் துணிவில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் கொழும்பில் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மின்னல் கிட்ட எங்கேயாவது விழுந்தாலே நீளமான செம்பில் வோல்ற் எகிறி, இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் எரித்துவிடும். ஃபைபரில் ஓடுவது ஒளி, மின்சாரம் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகை ஃபைபரும் இரண்டு முனைக்கும் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கிற பெட்டியும் வாங்கிப் போட்டோம். செலவு கொஞ்சம் கூட, ஆனால் இடி இடிக்கும்போது ஓடிப்போய் பிளக் கழற்றத் தேவையில்லை, அது ஒரு பெரிய நிம்மதி.

கரண்ட் போகிற கதைக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போது நிறையப் பேர் 12 வோல்ற் மினி யூபிஎஸ் வாங்கினார்கள், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ற்றில்தான் ஓடுகின்றன. ஆனால் மாடிக்கு மாடி பெட்டி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் யூபிஎஸ் வைப்பது நடக்காத காரியம். இதற்காகத்தான் எல்லா மாடி வயரும் வந்து சேர்கிற, கேபிள் வழியே மின்சாரமும் அனுப்புகிற போ (PoE) சுவிச்சைச் சொல்கிறேன். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிச் மூன்றும் ஒரே அலுமாரியில், ஒரு நல்ல யூபிஎஸ்ஸில். மாடிகளில் இருக்கிற அக்ஸஸ் பொயின்ற்கள் அங்கிருந்தே கரண்ட் எடுக்கும். இப்போது கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும், கோல் நிற்காது. அலுமாரிக் கதவில் காற்றுப் போக ஓட்டை விடுங்கள், நம் வெக்கையில் மூடிய பெட்டிக்குள் எதுவும் நெடுநாள் உழைக்காது.

"மேல ஆரோ படம் பாக்கினம், அதுதான் இழுக்குது" என்பது எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் வருகிற குற்றச்சாட்டு. படம் பார்ப்பது பெரும்பாலும் இறக்கம் (டவுன்லோட்), அதற்கு ஃபைபரில் இடமிருக்கும். கோலை வெட்டுவது பல நேரம் ஏற்றம் (அப்லோட்): கல்யாண வீட்டுக்குப் போய் வந்த அன்றிரவு எல்லாருடைய போனும் வைஃபை கிடைத்ததும் படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றத் தொடங்கும். ஏற்றுகிற பாதை நிறைந்ததும் ரவுட்டர் தரவுப் பொதிகளை வரிசையில் குவித்து வைக்கிறது, கோலின் சின்னப் பொதியும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்துகிற எஸ்கியூஎம் (SQM) அல்லது ஸ்மார்ட் கியூ என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு, அளந்த ஏற்ற வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து எல்லை வையுங்கள். இந்த ஒரு மாற்றம் எங்கள் வீட்டில் இருந்த மனக்கசப்பில் பாதியைத் தீர்த்தது.

வந்துபோகிற விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை பெயர் வைத்தோம், கேமராவும் டிவியும் அதிலேயே. எந்த வயர் எந்த அறைக்கு என்று சுவிச்சின் ஒவ்வொரு ஓட்டைக்கும் தமிழில் லேபல் ஒட்டி, முழு வரைபடத்தையும் ஒரு தாளில் கீறி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நேரம் பெரியப்பா அதைப் பார்த்துத் தானே திருத்திவிடுகிறார்.

இப்போது தெஹிவளையில், கொட்டாஞ்சேனையில், எங்கேயாவது வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இருந்தால் சுவர் பூச முன்னமே பாஸிடம் சொல்லுங்கள்: கீழிருந்து மேல் சிலாப் வரை ஒரு வெறும் குழாய், அதிலிருந்து மாடிக்கு மாடி நடைபாதைக் கூரைக்கு ஒரு கிளை, மின்சாரக் குழாயிலிருந்து தள்ளி, வளைவுகள் கூர்மையில்லாமல். ஃபைபர் நுழைகிற இடத்திலிருந்து அலுமாரி வைக்கப்போகிற இடத்துக்கும் ஒன்று. எந்தக் கேபிள் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நைலோன் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், பூச்சு வேலை நடக்கும்போது சீமெந்து உள்ளே போகாமல் வாயைத் துணியால் அடைக்கவும் சொல்லுங்கள்.